மீனும் பிடிக்க வேண்டும், குடும்பமும் ஏற வேண்டும்: முதல் படகாக எதை வாங்கலாம்?

கரைமேல் நிற்பவன் எழுதியது:

இரண்டு வருடமாக நண்பர் ஒருவருடைய படகில் ஓசியில் ஏறி மீன் பிடித்துப் பழகிவிட்டேன். இப்போது அவர் வேலை மாறி வெளியூர் போய்விட்டார், படகும் கூடவே போய்விட்டது. கரையில் நின்று தூண்டில் போட்டால் முன்பு போல மனம் ஒட்டவில்லை. சரி, சின்னதாக ஒன்றைச் சொந்தமாகவே வாங்கிவிடலாம் என்று இறங்கினால், பார்க்கும் ஒவ்வொரு விளம்பரமும் ஒவ்வொரு பக்கம் இழுக்கிறது.

நிலவரம் இதுதான். பெரும்பாலும் ஒரு பெரிய ஏரி, காற்று எழும்பினால் நன்றாகவே அலை வரும். வருடத்தில் நாலைந்து முறை ஆற்று முகத்துவாரம் வரை போக ஆசை. திறந்த கடலுக்குள் போகும் எண்ணம் இல்லை. விடியற்காலையில் நானும் இன்னொருவரும் மீனுக்குப் போவோம். விடுமுறை நாளில் மனைவி, 10 வயது மகள், 6 வயது மகன். எப்போதாவது அப்பா வருவார், அவருக்கு முழங்கால் வலி. மனைவிக்கு நீச்சல் தெரியாது. நண்பர் படகில் ஒரே ஒரு முறை வந்தாள், திரும்பும்போது அலை முகத்தில் அடித்ததிலிருந்து "நீங்களே போய்விட்டு வாருங்கள்" என்பதுதான் பதில்.

பார்த்து வைத்திருப்பவை மூன்று. 12 அடி நீளத்தில் அடிப்பாகம் தட்டையான அலுமினியப் படகு, 9.9 ஹெச்பி எஞ்சினோடு. 16 அடி ஃபைபர் படகு, பழையது, 40 ஹெச்பி இரண்டு ஸ்ட்ரோக். அப்புறம் காற்றடித்து விரிக்கும் ரப்பர் படகு, வீட்டில் வைக்க இடமே வேண்டாம் என்பதால். இழுக்க நடுத்தரமான கார் இருக்கிறது. எதை வாங்கினால் ஒரு வருடம் கழித்து வருத்தப்பட மாட்டேன்?


நீர்க்காகம் எழுதியது:

படகைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் தண்ணீரைப் பற்றிச் சொன்னீர்களே, அதுவே பாதி வேலை. பலர் படகை வாங்கிவிட்டு அப்புறம்தான் அதற்கேற்ற தண்ணீரைத் தேடுகிறார்கள்.

பெரிய ஏரியைக் கடலைவிடச் சாது என்று நினைத்துவிடாதீர்கள். ஆழம் குறைவு, காற்று ஓட நீளமான வெளி, இது இரண்டும் சேர்ந்தால் வரும் அலை உயரமாக இருக்காது, ஆனால் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் வரும். ஒன்றில் ஏறி இறங்குவதற்குள் அடுத்தது மூக்கில் இடிக்கும். உங்கள் மனைவி முகத்தில் அடித்தது அந்த அலைதான். தட்டை அடிப் படகு நின்றுகொண்டு மீன் பிடிக்க அருமையானது, முழங்கால் ஆழத் தண்ணீரிலும் போகும், ஒரு பக்கம் இரண்டு பேர் நின்றாலும் அதிகம் சாயாது. ஆனால் அதே அடிப்பாகம் அந்த அலையில் பலகையால் அறைவது போல அறையும். ஆழமான வி வடிவ அடி அலையைக் கிழித்துக்கொண்டு போகும், ஆனால் நின்றுவிட்டால் தொட்டில் மாதிரி ஆடும், கூடுதல் சக்தியுள்ள எஞ்சினும் கேட்கும். முன்பக்கம் கூர்மையாகவும் பின்னால் போகப்போகத் தட்டையாகவும் வரும் நடுத்தர வி, பின்முனையில் அடிப்பாகத்தின் சாய்வு 12 முதல் 18 டிகிரிக்குள் இருப்பது, இரண்டு வேலைக்கும் வேண்டும் என்பவருக்குப் பொருந்தும். விளம்பரத்தில் சாய்வைப் போடவில்லை என்றால் பின்னால் குனிந்து பாருங்கள், கண்ணுக்கே தெரியும்.

12 அடிப் படகைப் பட்டியலிலிருந்து இப்போதே நீக்கிவிடுங்கள். 20 அடிக்குக் கீழே உள்ள படகுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15 ஆல் வகுத்தால் ஏறக்குறைய எத்தனை பேர் என்று வரும். 12 அடி நீளம், நாலரை அடி அகலம் என்றால் 54, வகுத்தால் மூன்றரை, அதாவது மூன்று பேர். நீங்கள் அப்பாவோடு சேர்த்து ஐந்து பேர். 15 அடி நீளம், 6 அடி அகலம் என்றால் 6 பேர் வரும். அதுவும் அமைதியான தண்ணீரில் உச்ச வரம்பு, வசதியாக உட்காரும் கணக்கு இல்லை. நான் எப்போதும் வந்த விடையில் ஒன்றைக் கழித்துவிடுவேன். படகில் கொள்ளளவுத் தகடு இருந்தால் இந்தக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு அதையே நம்புங்கள். தகட்டில் ஆள் எண்ணிக்கை மட்டுமல்ல, எஞ்சின், எரிபொருள், சாமான் எல்லாம் சேர்ந்த எடையும் இருக்கும், அதைத்தான் யாரும் படிப்பதில்லை. 25 லிட்டர் பெட்ரோலே 18 கிலோவைத் தாண்டும்.

பக்கச் சுவரின் உயரத்தையும் பாருங்கள். எல்லாரும் ஏறிய பிறகு தண்ணீருக்கு மேலே எவ்வளவு நிற்கிறது என்பதே கேள்வி, காலியாக டிரெய்லரில் நிற்கும்போது எந்தப் படகும் உயரமாகத்தான் தெரியும்.


தகரப்படகு எழுதியது:

நான் எதிர்ப்பாட்டு பாடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் உங்களை மாதிரியே குடும்பம், குடும்பம் என்று யோசித்து முதல் படகையே 18 அடியில் வாங்கினேன். முதல் வருடம் எத்தனை முறை தண்ணீரில் இறங்கியது தெரியுமா? நாலு. தனியாக இறக்க முடியாது, ஏற்ற முடியாது, காலை 4 மணிக்கு எவனை எழுப்புவது? படகைத் தண்ணீரில் இறக்கும் சரிவான இறங்கு தளத்தில் பின்னால் ஐந்து வண்டி காத்திருக்கும்போது டிரெய்லரை வளைத்து வளைத்து நான் பட்ட அவமானம் தனிக்கதை. விற்றுவிட்டு 14 அடி அலுமினியம் வாங்கினேன், அந்த வருடம் ஐம்பது முறைக்கு மேல் போயிருப்பேன்.

ரிவெட் அடித்த 14 அடி அலுமினியத்தின் வெறும் உடல் 100 கிலோ அளவில்தான் இருக்கும். கல்லில் உரசினால் நசுங்கும், ஆனால் உடையாது. ஃபைபர் என்றால் விரிசல் விட்டு அதன் வழியாக உள்ளே தண்ணீர் இறங்கும். உங்கள் 16 அடிப் படகு, 40 ஹெச்பி எஞ்சின், எரிபொருள், டிரெய்லர் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், 600, 700 கிலோவை எளிதாகத் தொடும். உங்கள் காரின் கையேட்டில் இழுவை வரம்பு என்று ஒரு எண் இருக்கும், முதலில் அதைப் படியுங்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அலுமினியம் சத்தம் போடும், இடுக்கி ஒன்று கைதவறி விழுந்தால் சுற்றுவட்டார மீன் எல்லாம் வேறு வேலை பார்க்கப் போய்விடும். தரையில் ரப்பர் விரிப்பு போட்டுக்கொள்ளுங்கள். வெயிலில் சுடும். பழையதில் ரிவெட் தளர்ந்து கசியும். படகைத் தரையில் நிறுத்தி உள்ளே தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் எந்த ரிவெட் அழுகிறது என்று வெளியே தெரிந்துவிடும். வெல்டிங் செய்த உடல் இன்னும் நல்லது, கனமும் கூட. முகத்துவாரத்தில் உப்புத் தண்ணீர் என்பதால் அடியில் ஒட்டும் தியாக உலோகக் கட்டியைக் கவனியுங்கள், படகுக்குப் பதிலாக அரிக்கப்படுவதுதான் அதன் வேலை. உப்பில் துத்தநாகம், நன்னீரில் மெக்னீசியம், இரண்டுக்கும் போகிறவர்களுக்கு அலுமினியக் கலவைக் கட்டி. செம்பு கலந்த அடிப்பெயின்ட் மட்டும் அலுமினியத்தில் வேண்டவே வேண்டாம், உலோகத்தையே தின்றுவிடும்.

ரப்பர் படகைப் பற்றி ஒரு வரி: தூண்டில் முள், ஆறு வயதுப் பையன், காற்றடித்த ரப்பர். நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.


மீன்கொத்தி எழுதியது:

ரப்பர் படகின் காற்றுக்குழாய் தனித்தனி அறைகளாகப் பிரிந்திருக்கும், ஒரு அறை போனாலும் மற்றவை தாங்கும், அதனால் அண்ணா சொல்வது போல ஒரே முள்ளில் மூழ்கிவிடாது. ஆனாலும் இந்தக் குடும்பத்துக்கு அது வேண்டாம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அப்பா அதில் காலை மடக்கி உட்கார்ந்தால் எழுந்திருக்கவே நாலு பேர் வேண்டும்.

நான் மீன் பிடிக்கிறவள் இல்லை, மீன் பிடிக்கிறவரின் மனைவி. அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். உங்கள் படகைத் தேர்ந்தெடுக்க வேண்டியது நீங்கள் இல்லை, உங்கள் மனைவி. வீட்டில் யார் அதிகம் பயப்படுகிறாரோ அவர் உட்காரச் சம்மதிக்கும் படகுதான் குடும்பப் படகு. மற்றதெல்லாம் உங்கள் படகு, அதைக் குடும்பத்தின் பெயரில் வாங்குகிறீர்கள், அவ்வளவுதான். படகைப் பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள், முடிந்தால் தண்ணீரில் மிதக்கும்போது ஏறச் சொல்லுங்கள். பிடித்துக்கொள்ளக் கைப்பிடி எங்கே, முதுகு சாய இடம் உண்டா, நிழல் உண்டா, ஆறு வயதுக்காரனை எங்கே உட்காரவைப்பது, இதை எல்லாம் அவர் ஒரே நிமிடத்தில் பார்த்துவிடுவார். எங்கள் வீட்டில் என் மாமியார் ஏறி உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "விழுந்தால் எப்படி ஏறுவது?" என் கணவர் பதில் இல்லாமல் நின்றார். பதினைந்து வருடமாக மீன் பிடிக்கிற மனிதர்! நனைந்த உடையோடு தண்ணீரிலிருந்து படகுக்குள் ஏறுவது நல்ல பலசாலிக்கே கஷ்டம். தண்ணீருக்குள் இருந்தபடியே கையால் இழுத்து இறக்கக்கூடிய ஏணி இருக்கிறதா என்று பாருங்கள், படகுக்குள் மடித்துக் கட்டிவைத்த ஏணி தனியாக விழுந்தவருக்கு உதவாது.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மிதப்புத் திறனை நியூட்டனில் எழுதியிருப்பார்கள். 50 என்பது நீச்சல் தெரிந்து, உதவி பக்கத்திலேயே இருப்பவருக்கு. நீச்சல் தெரியாத உங்கள் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் 100க்குக் குறைந்து வாங்காதீர்கள், கழுத்துப் பட்டை வைத்தது, முகத்தை மேலே திருப்பிவிடும். குழந்தையின் ஜாக்கெட் வயதுக்கு இல்லை, எடைக்கு. வளர்ந்துவிடுவான் என்று பெரியதாக வாங்கும் பழக்கம் பள்ளிச் சட்டையோடு நிற்கட்டும். போட்டுவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள், ஜாக்கெட் காது வரை ஏறினால் அது பெரிது. இரண்டு தொடைக்கு நடுவே போகும் பட்டை இருந்தே ஆகவேண்டும்.

படகு ஓடும்போது முன்பக்கம் காலைத் தொங்கப்போட்டு உட்கார பிள்ளைகளுக்கு அப்படி ஒரு ஆசை. கூடாது. அங்கிருந்து விழுந்தால் படகு மேலேயே போகும், பின்னால் எஞ்சின் விசிறி. ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் அந்தச் சிவப்புச் சுருள் கயிறு உங்கள் மணிக்கட்டிலோ காலிலோ எப்போதும் மாட்டியிருக்கட்டும். முதல் சில முறை ஒரு மணி நேரம் போதும், காற்றில்லாத காலையில், "இன்னும் கொஞ்ச நேரம்" என்று அவர்கள் கேட்கும்போதே கரைக்குத் திரும்பிவிடுங்கள். அன்றைக்குத் தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.


பழைய ஸ்பேனர் எழுதியது:

தம்பி, அந்த 16 அடி ஃபைபரைப் பார்க்கப் போவதாக இருந்தால் இதைப் படித்துவிட்டுப் போ.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் பார்க்க வேண்டும். போனதும் பேச்சுக் கொடுத்தபடியே மூடியைத் திறந்து சிலிண்டர் மேல் கை வை. சூடாக இருந்தால் நீ வருவதற்கு முன்னால் ஓட்டி வைத்திருக்கிறார்கள், ஏன் என்று கேள். ஸ்டார்ட் ஆனதும் பின்னால் ஒரு சின்ன துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்ச வேண்டும், அது குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறது என்பதற்கு அடையாளம். பீய்ச்சவில்லை என்றால் உடனே நிறுத்தச் சொல். தண்ணீரோ ஹோஸ் பைப்போ இல்லாமல் வெறுமனே ஓட்டிக் காட்டுகிறேன் என்பவரிடம் வாங்காதே, உள்ளே குளிர்விக்கும் தண்ணீரை இறைக்கும் ரப்பர் சக்கரம் கொஞ்ச நேரத்தில் கருகிவிடும். கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் மீட்டர் இருந்தால் எல்லாச் சிலிண்டரையும் அள, ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. கீழே கியர்ப் பெட்டியின் திருகைக் கொஞ்சம் தளர்த்தி எண்ணெயைப் பார், பால் மாதிரி வெளுத்திருந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது.

எஞ்சின் கெட்டால் மாற்றிக்கொள்ளலாம், உடல் கெட்டால் தலைவலி. எஞ்சின் மாட்டியிருக்கும் பின்பலகை பழைய ஃபைபர்ப் படகுகளில் பெரும்பாலும் உள்ளே ஒட்டுப்பலகை. திருகுத் துளை வழியாக வருடக்கணக்கில் தண்ணீர் இறங்கி உள்ளே புட்டாகிப்போயிருக்கும், வெளியே பளபளப்பு குறையாது. எஞ்சினைச் சாய்த்துவிட்டு அதன் காலைப் பிடித்து மேலும் கீழும் அழுத்து. பலகை வளைந்தால், ஓரத்தில் விரிசல் திறந்து மூடினால், வணக்கம் சொல்லிவிட்டு வா. ஸ்பேனர் கைப்பிடியால் தட்டிப் பார், நல்ல இடம் டங்கென்று கேட்கும், அழுகிய இடம் தொப்பென்று கேட்கும். தளம் அமுங்குகிறதா என்று செருப்பில்லாமல் நடந்து பார், குறிப்பாக இருக்கைகளின் காலடியில்.

இன்னொன்று, மூழ்காது, உள்ளே ஃபோம் இருக்கிறது என்பார்கள். நல்ல படகில் அது உண்மைதான். 1961இல் அமெரிக்கப் படகுக் கம்பெனியான பாஸ்டன் வேலரின் டிக் ஃபிஷர் தன் 13 அடிப் படகில் உட்கார்ந்தபடியே அதை ரம்பத்தால் இரண்டாக அறுக்கவைத்தார், அந்தப் படம் லைஃப் பத்திரிகையில் வந்தது, அறுத்த பிறகும் பாதிப் படகு மிதந்தது. ஆனால் சரியாகச் செய்யாத, அல்லது பல வருடம் அடித்தளத்து ஈரத்தில் ஊறிய ஃபோம் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். முடிந்தால் எடை மேடையில் டிரெய்லரோடு நிறுத்திப் பார். இருக்க வேண்டியதைவிட நூறு கிலோ கூடுதல் என்றால் அந்த நூறு கிலோ தண்ணீர்தான்.

இரண்டு ஸ்ட்ரோக்கா நான்கு ஸ்ட்ரோக்கா என்று கேட்பாய். இரண்டு ஸ்ட்ரோக் லேசு, எளிமை, நீயே பழுது பார்க்கலாம், ஆனால் புகை, சத்தம், பெட்ரோல் அதிகம் குடிக்கும், எண்ணெய் கலக்க வேண்டும். பலவற்றுக்கு 50க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி, ரொம்பப் பழையது இன்னும் அதிகம் கேட்கும், எஞ்சின் மேலேயே எழுதியிருக்கும். வீட்டம்மாவும் குழந்தைகளும் வரும் படகுக்கு நான்கு ஸ்ட்ரோக் நல்லது, பேச்சுச் சத்தம் காதில் விழும். ஆனால் கனம் கூட. பழைய படகில் புது நான்கு ஸ்ட்ரோக்கை மாட்டினால் பின்பக்கம் அமுங்கிவிடலாம், பார்த்துச் செய். எஞ்சினின் கீழ்நோக்கி இறங்கும் தண்டின் நீளமும் பொருந்த வேண்டும், சின்ன எஞ்சின்களில் 15 அங்குலம், 20 அங்குலம் இரண்டும் பரவலாக வரும், உன் பின்பலகையை அளந்துகொண்டு கடைக்குப் போ. டிரெய்லர் சக்கரத்துப் பேரிங்கை மறந்துவிடாதே. இருபது கிலோமீட்டர் ஓட்டியதும் நிறுத்திச் சக்கரத்தின் நடுவில் கை வை, கை வைக்க முடியாத சூடு என்றால் அடுத்த இருபது கிலோமீட்டர் ஓடாது.


கரைமேல் நிற்பவன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஸ்பேனர் ஐயா சொன்னபடி போய் மூடியைத் திறந்தேன், சூடு. கேட்டதற்கு "காலையில் சும்மா ஒரு ரவுண்டு" என்றார். ஓட்டுநர் இருக்கையின் கீழே தளம் பஞ்சு மாதிரி அமுங்கியது. வந்துவிட்டேன்.

மனைவியை அழைத்துப் போய் நாலு படகில் உட்காரவைத்தேன். மீன்கொத்தி அக்கா சொன்னது சரி, எனக்கு எஞ்சின் மட்டுமே கண்ணில் பட்டது, அவள் பக்கச் சுவரின் உயரத்தைத் தன் இடுப்போடு அளந்து பார்த்தாள். அவள் தலையாட்டியது ஒரு 15 அடி அலுமினியம், வெல்டிங் உடல், நடுத்தர வி, 25 ஹெச்பி நான்கு ஸ்ட்ரோக். அகலம் 6 அடி, நீர்க்காகம் சாரின் கணக்குப்படி 6 பேர், ஒன்றைக் கழித்தால் 5, எங்களுக்குச் சரியாக இருக்கிறது. கைதேர்ந்த ஒருவரை வைத்துப் பார்த்தாயிற்று, அடுத்த வாரம் கைக்கு வரும். நங்கூரம், கயிறு எல்லாம் எப்படி? கூட வந்தது விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கிறது.


நீர்க்காகம் எழுதியது:

கயிறு நீளம்தான் முக்கியம். தண்ணீர் ஆழத்தோடு படகின் மூக்கு உயரத்தையும் கூட்டி, அதைப் போல் ஏழு மடங்கு விட்டால் நங்கூரம் படுத்துக் கவ்வும். 3 மீட்டர் ஆழத்துக்கு 25, 30 மீட்டர். அமைதியான நேரத்தில் மீன் பிடிக்க மூன்று, நாலு மடங்கே போதும். நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே இரண்டு மீட்டர் சங்கிலி இருக்கட்டும். எப்போதும் முன்பக்கத்திலிருந்து போடுங்கள். பின்பக்கம் கட்டினால் எஞ்சின் கனமும் சேர்ந்து அலை உள்ளே ஏறிவிடும், சின்னப் படகுகள் கவிழ்வதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

எரிபொருளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: போக ஒன்று, வர ஒன்று, கையிருப்பு ஒன்று. காற்று மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டும் என்று முன்னறிவிப்பு சொன்னால் ஏரியில் வெள்ளை நுரை பரவலாகத் தெரியும், அன்றைக்குக் குடும்பம் வேண்டாம். படகில் ஒரு ஜோடித் துடுப்பு இருக்கட்டும்.


தகரப்படகு எழுதியது:

வாழ்த்துகள். 15 அடி, அலுமினியம். நான் ஜெயித்ததாகவே வைத்துக்கொள்கிறேன். இறங்கு தளத்துக்குப் போவதற்கு முன்னால் காலி மைதானத்தில் அரை நாள் டிரெய்லரைப் பின்னால் ஓட்டிப் பழகுங்கள். அப்புறம், பின்பலகையில் கீழே இருக்கும் வடிகால் துளைக்கு அடைப்பான் மாட்ட மறக்காதீர்கள்.


கரைமேல் நிற்பவன் எழுதியது:

நேற்று முதல் பயணம். மைதானத்தில் பழகினேன், டிரெய்லர் ஒரே தடவையில் இறங்கியது, பெருமையாக நின்றேன். படகு மிதந்தது. வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள் மகள் கத்துகிறாள், "அப்பா, காலெல்லாம் ஈரம்!" அடைப்பான் என் சட்டைப்பையில்.

திரும்ப ஏற்றி, வடியவிட்டு, மாட்டி, இறக்கினோம். இதோடு இவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். முழுதாக ஒன்றரை மணி நேரம் இருந்தாள், கைப்பிடியை விட்டது இரண்டே தடவை. வீட்டுக்கு வந்ததும் அடைப்பானை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். இனி விடியற்காலை மீனுக்குப் போக வேண்டுமென்றாலும் அவளை எழுப்பித்தான் வாங்க வேண்டும்.